கூடையில் போகாத குட்டி

பதுளைக்கு நான் வாழ வந்த காலத்தில் ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். அதற்கு மேல் மாட்டு வண்டிதான். கல்யாணமாகி இருபது நாள்கூட ஆகாத நான், மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, கண்ணும் மூக்கும் எரிய, மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கி வந்தேன். ஆனி மாதம். வண்டியின் கூரைப் பாயைப் பிய்த்துக்கொண்டு போய்விடும் போலக் காற்று வீசியது. எனக்கு அப்போது பதினெட்டு வயது.

என் மாமனாருக்கும் வீட்டுக்காரருக்கும் கடைவீதியில் மளிகைக் கடை. கடைக்குப் பின்னால் வீடு. இரண்டு அறை, ஒரு அடுப்படி, சின்ன முற்றம். முற்றத்தின் மூலையில் விறகுக் கொட்டகை, அதை ஒட்டி வெறும் சாக்குகள் போட்டுவைக்கும் ஒரு இருட்டறை. மாமியார் நான் வருவதற்குப் பல வருடம் முன்பே காலமாகிவிட்டார். வீட்டில் பெண் என்று நான் ஒருத்திதான். கடை முகப்புக்குப் பெண்கள் வரும் வழக்கம் எங்களில் இல்லை. யாரும் என்னைப் பூட்டிவைக்கவில்லை. போவதற்கு இடம் இல்லை, அவ்வளவுதான்.

பிறந்த வீட்டில் நாங்கள் ஐந்து பெண்கள். நான் மூன்றாவது. ஒரே பாயில் வரிசையாகப் படுப்போம். விடியும்போது ஒருத்தி கால் இன்னொருத்தி வயிற்றின்மேல் கிடக்கும். அதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன். பதுளைக்கு வந்த பிறகு அந்தக் காலின் கனத்துக்காக ஏங்கினேன். என் வீட்டுக்காரர் நல்லவர். ஆனால் விடிந்ததும் கடைக்குப் போனால் சாப்பாட்டுக்குத்தான் உள்ளே வருவார். சில நாள் பகல் முழுக்க நான் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டேன். சாயங்காலம் அவர் ஏதாவது கேட்டால் தொண்டை கட்டிக்கொண்டு குரல் வராது.

ஒரு செவலைப் பெட்டை நாய் மத்தியானத்தில் கொல்லை வாசலுக்கு வரும். கஞ்சித் தண்ணீர் ஊற்றுவேன். குடித்துவிட்டுப் போய்விடும். கார்த்திகை மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் விறகு எடுக்கப் போனேன். கொட்டகையின் மூலையில், மட்டைகளுக்குப் பின்னால், அது படுத்திருந்தது. வயிற்றோரமாக ஐந்து குட்டிகள்.

குட்டி என்று சொல்லவே மனம் வரவில்லை. பெருச்சாளிக் குஞ்சுகள் மாதிரி இருந்தன. கண் ஒட்டியிருந்தது. காது இரண்டும் மடங்கித் தலையோடு ஒட்டிக் கிடந்தன. பாத்திர மூடியைத் தரையில் தட்டிப் பார்த்தேன். தாய் நிமிர்ந்து பார்த்தது; குட்டிகளில் ஒன்றுகூட அசையவில்லை. அவற்றுக்குச் சத்தமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. சூடு ஒன்றுதான் தெரிந்தது. குவியலிலிருந்து ஒன்று விலகிவிட்டால், தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி ஆட்டித் தேடும். இன்னொன்றின் முதுகில் மூக்கு பட்டவுடன் அடங்கிவிடும். தாய் நக்கிவிட்டால்தான் மூத்திரம்கூட வரும் என்பதை அப்போதுதான் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஐந்தாம் நாள் ஒரு குட்டி விறகுக் கட்டைக்குப் பின்னால் சரிந்து விழுந்திருந்தது. தாய்க்கும் அதற்கும் இரண்டு முழம்தான் தூரம். கத்தத் தெம்பில்லாததால் தாய்க்குத் தெரியவில்லை. எடுத்தபோது கல் மாதிரிக் குளிர்ந்திருந்தது. முந்தானையில் சுற்றி அடுப்போரம் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். பிழைக்கவில்லை. மல்லிகைச் செடிக்குக் கீழே குழி தோண்டிப் புதைத்துவிட்டு, அன்றைக்கு வெகுநேரம் அழுதேன். குட்டிக்காக மட்டும்தான் அழுதேனா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

மற்ற நான்கும் தேறின. பதின்மூன்றாம் நாள் ஒன்றுக்குக் கண் கீறினாற்போலத் திறந்தது. உள்ளே புகை படிந்த நீலம். அந்தக் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். கையை ஆட்டினால் பார்க்காது. இரண்டு மூன்று நாளில் எல்லாம் கண் திறந்தன. மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் உலக்கை கைதவறி விழுந்தது. நான்கு குட்டிகளும் ஒரே நேரத்தில் துள்ளி விழுந்தன! காது திறந்துவிட்டது. அன்றைக்கு அவற்றோடு பேச ஆரம்பித்தேன். நான் பேசினால் கேட்பதற்கு எட்டுக் காது இருந்தது அந்த வீட்டில்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு புதுமை. வயிற்றைத் தரையில் இழுத்துக்கொண்டு போனவை எழுந்து நின்றன, விழுந்தன, மறுபடி நின்றன. ஒரு நாள் வாலை ஆட்டத் தெரிந்துகொண்டன. ஒரு குட்டி முதன்முதலாகக் குரைத்துவிட்டு, அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று திரும்பிப் பார்த்தது. ஒன்றின்மேல் ஒன்று விழுந்து காதைக் கவ்வி இழுக்கும். கவ்வியது அதிகமாகிவிட்டால் மற்றது கீச்சென்று கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். கடித்தது ஒரு நிமிடம் விழித்துக்கொண்டு நிற்கும். அடுத்த தடவை மெல்லக் கவ்வும். அடுப்பில் சோறு குழைவதுகூடத் தெரியாமல் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

எனக்கு அந்த ஊரில் பேச்சுத் துணை என்று இருந்தது ஒரே ஒரு ஆள். பசறைக்குப் போகிற வழியில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண். முப்பது வயது இருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை போட்டிருப்பார். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியில் பதுளைக்கு வந்து பூசை பார்த்துவிட்டு, எங்கள் கடையில் உப்பும் கருவாடும் வாங்கிக்கொண்டு, கொல்லை வாசலில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடிப்பார். கொழுந்து பறிக்கும்போது சரிவில் விழுந்து இடுப்பு பிசகியதில் ஒரு காலை இழுத்து நடப்பார். மலை ஏற முடியாததால், வேலைக்குப் போகும் தாய்மார்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும்படி அவரை வைத்திருந்தார்கள். குழந்தைகளை விட்டுப்போகும் அந்தக் கொட்டகைக்குத் தோட்டத்தில் பிள்ளை மடுவம் என்று பெயர். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. குட்டிகளுக்கு நாலாவது வாரம் நடந்துகொண்டிருந்தது. ஒரு குட்டி முற்றத்தைத் தாண்டிக் கடையின் பின்கதவு வரைக்கும் போய்விட்டது. மாமனார் அதைப் பார்த்துவிட்டு நேரே கொட்டகைக்கு வந்தார்.

“இது கடையா, நாய்ப்பட்டியா? ஊரெல்லாம் வெறிநாய்ப் பயமா கிடக்கு. வர்றவங்கள ஒண்ணு கடிச்சா யாரு பதில் சொல்றது? இன்னைக்கே வண்டிக்காரன்கிட்டக் குடுத்து ஆத்துக்கு அந்தப் பக்கம் விட்டுரச் சொல்லு.”

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அழுது கேட்டிருப்பேன். அவர் போன பிறகு கொல்லை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அக்கா காலை இழுத்துக்கொண்டு வந்தார். சொன்னேன்.

“இதுக்காம்மா கண்ணுல தண்ணி? தாயையும் குட்டியையும் நான் கொண்டு போறேன். முப்பது புள்ளைங்க கெடக்குற எடத்துல இதுங்க நாலு கெடந்தா என்ன?”

வண்டியிலிருந்து கூடை எடுத்து வர அவர் போனார். அவர் திரும்பி வருவதற்குள் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். நான்கில் சின்னதை, வெள்ளை உடம்பும் ஒரு காது மட்டும் செவலையுமாக இருந்ததை, தூக்கிக்கொண்டு போய் இருட்டறையில் சாக்குகளுக்கு நடுவே வைத்துக் கதவைச் சாத்தினேன்.

அக்கா கூடைக்குள் வைக்கோலைப் பரப்பி மூன்று குட்டிகளையும் வைத்தார். செவலை நாய் கூடைக்குள் மூக்கை விட்டுப் பார்த்தது, பிறகு கொட்டகைக்கு ஓடியது, மறுபடி வந்தது.

“இன்னொண்ணு எங்கம்மா?”

“அது காலைல செத்துப்போச்சுக்கா.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். சாத்தியிருந்த கதவையும் பார்த்தார்.

“செத்துப்போனா சரி. உசிரோட இருந்தா, இப்பத் தாய்கிட்டயிருந்து பிரிக்கிறது பாவம்மா. இப்பத்தான் பல்லு மொளைக்குது. எவ்வளவு கடிச்சா அடுத்ததுக்கு வலிக்கும்னு அதுக்கு இன்னும் தெரியாது. கூடப்பொறந்ததோட கடிச்சு உருண்டாத்தான் அது தெரியும்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வண்டி புறப்பட்டது. செவலை நாய் வண்டிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் போகும், நின்று எங்கள் வீட்டைத் திரும்பிப் பார்க்கும். வளைவு வரைக்கும் அப்படியே போனதைக் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் மூன்று நாள் குட்டி கத்தியது. பகலில் கடைச் சத்தத்திலும் இரவில் மழைச் சத்தத்திலும் அது வெளியே கேட்கவில்லை. பழந்துணியைப் பாலில் நனைத்துக் கொடுத்தேன், சோற்றைக் குழைத்து ஊட்டினேன். நாலாம் நாள் கத்துவதை நிறுத்தியது. நான் கதவைத் திறந்தால் என் காலடிக்கு உருண்டு வந்தது. அடுத்த இரண்டு மாதம் நான் அந்த ஊரில் சந்தோஷமாக இருந்தேன் என்று வெட்கத்தோடு சொல்ல வேண்டும். மத்தியானச் சாப்பாடு முடிந்து ஆண்கள் கடைக்குப் போனதும் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். மேலே இருந்த சின்னச் சாளரத்தில் ஒரு கீற்று வெளிச்சம் வரும். சாக்குகளில் சாய்ந்து உட்கார்ந்தால் குட்டி என் வயிற்றின்மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும். அதன் கனம் எனக்குப் போதுமாக இருந்தது. என் அக்கா தங்கைகளைப் பற்றியெல்லாம் அதனிடம் சொன்னேன்.

அது கடித்தது. விளையாட்டாகத்தான். ஆனால் பல் ஊசி மாதிரி இறங்கும். நான் கத்தினால் அதற்கு இன்னும் வேகம் வரும். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு விளையாட ஆரம்பித்தேன். கையில் இருந்த தழும்புகளை என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். ஒரு நாள் பின்னாலேயே வந்து அறைக்குள் எட்டிப் பார்த்தார். குட்டி அவரைக் கண்டதும் தரையில் ஒட்டிக்கொண்டு மூத்திரம் விட்டது. பிறகு சாக்குக் குவியலுக்குப் பின்னால் ஓடி ஒளிந்தது.

“என்ன இது, இப்படி நடுங்குது?” என்றார்.

“புது ஆளுல்லங்க. அதான்.”

அவர் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “அப்பா காதுல விழாமப் பாத்துக்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகுதான் குட்டி வெளியே வந்தது. என் மடியில் ஏறித் தலையை முந்தானைக்குள் நுழைத்துக்கொண்டது. அது பயந்ததை நான் பார்த்தேன். ஆனாலும் எனக்குள் ஒரு பெருமை எழுந்தது. உலகத்தில் இதற்கு என்னைத் தவிர யாரும் வேண்டாம்! அந்தப் பெருமையை இத்தனை வருடத்தில் நான் மறக்கவில்லை. மறந்தால் நன்றாக இருக்கும்.

மாசி மாதத்தில், சந்தை கூடுகிற ஒரு நாள், தண்ணீர்க் குடத்தை இறக்கப் போனவள் இருட்டறைக் கதவுக்குக் கொக்கி போட மறந்துவிட்டேன். அப்போது பார்த்து வண்டியிலிருந்து மூட்டைகளைத் தொப்பு தொப்பென்று இறக்கினார்கள். குட்டி மிரண்டு வெளியே ஓடியது. ஓடியது கடைக்குள். அந்த இரண்டு மாதத்தில் அது மொத்தமாக நாலு கால்தான் பார்த்திருந்தது: என்னுடையது இரண்டு, என் வீட்டுக்காரருடையது இரண்டு. கடையில் இருபது முப்பது கால்கள். அது எங்கே போகும்? தராசுக்கு அடியில் புகுந்துகொண்டு பல்லைக் காட்டியது. மாமனார் குனிந்து பிடரியைப் பிடிக்கப் போனார். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே கவ்வியது. கவ்வியதை விடவில்லை.

“வெறிநாய்! வெறிநாய்! அடி!” என்று யாரோ கத்தினார்கள். ஒரு ஆள் எடைக்கல்லைத் தூக்கினார்.

நான் எப்படி முகப்புக்குப் போனேன் என்று எனக்குத் தெரியாது. தோளை மூடி முந்தானையைப் போர்த்தவில்லை, கையெல்லாம் ஈரம். அத்தனை ஆண்களுக்கு நடுவே போய்க் குட்டியின்மேல் விழுந்தேன். என் வாசனை பட்டதும் அது கடியை விட்டது. என் அக்குளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, உடம்பு முழுவதும் உதற, கிடந்தது.

“அடிக்காதீங்கப்பா” என்றது ஒரு குரல். மாமனார்தான். கையிலிருந்து இரத்தம் வேட்டியில் சொட்டிக்கொண்டிருந்தது. “பத்து நாளைக்குக் கட்டிப்போட்டுப் பாப்போம். வெறின்னா அதுக்குள்ள தெரிஞ்சிரும். அந்தப் பொண்ண உள்ள போகச் சொல்லுங்க.”

வைத்தியர் வந்து காயத்தைக் கழுவிக் கட்டினார். குட்டியை முற்றத்துத் தூணில் கட்டினோம். கை வலியால் மாமனாரால் கடையில் உட்கார முடியவில்லை. அடுப்படி வாசலில் ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, நாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். தண்ணீர் குடிக்கிறதா, சோறு தின்கிறதா என்று கேட்பார். குடித்தது, தின்றது. ஆனால் அவர் இருமினால் தூணைச் சுற்றிச் சுற்றி ஓடிக் கயிற்றில் சிக்கிக்கொள்ளும். காக்கை வந்து உட்கார்ந்தால்கூட நடுங்கும். அந்தப் பத்து நாள்தான் நானும் மாமனாரும் ஒரே இடத்தில் சேர்ந்து இருந்தது. முதல் சில நாள் நான் பயந்து பயந்து அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் அவர் சொன்னார்: “இது வெறி இல்ல தாயி. பயம்.”

“ஆமா மாமா.”

“எத்தன நாளா அந்த ரூமுக்குள்ள வச்சிருந்த?”

“ரெண்டு மாசத்துக்கு மேல இருக்கும்.”

“வேற யாரையும் பாக்கவே இல்லையா அது?”

“இல்ல மாமா. நான் மட்டுந்தான்.”

அவர் நாயைப் பார்த்தார். இருட்டறையைப் பார்த்தார். முற்றத்துச் சுவரை, அடுப்படியை, கடைசியாக என்னைப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டார்:

“நீ இந்த ஊருக்கு வந்து எத்தன மாசம் ஆச்சு?”

“எட்டு மாசம் மாமா.”

“எங்கெங்க போன?”

“ஆடி வெள்ளிக்கு ஒரு தரம் கோயிலுக்குப் போனோம்.”

“அப்புறம்?”

அப்புறம் ஒன்றும் இல்லை. நான் அடுப்பில் விறகைத் தள்ளினேன். அவர் எழுந்து கடைக்குப் போனார். சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் அவர் பேசியது அடுப்படிக்குக் கேட்டது. “அந்தப் பொண்ண அடுப்பூதவாடா கூட்டிட்டு வந்தோம்? நானும் பாக்கல, நீயும் பாக்கல” என்று அவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

பத்து நாள் முடிந்தது. நாய்க்கு ஒன்றும் இல்லை. ஆனால் அதைக் கடைவீதியில் வைத்துக்கொள்ள முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எனக்கும் தெரிந்துவிட்டது. ஒரு நாள் காலையில் என் வீட்டுக்காரர் வண்டியைக் கட்டச் சொன்னார். “நீயும் வா” என்றார். குட்டியை ஒரு சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அவரோடு பசறை ரோட்டில் போனேன். ஒருபக்கம் மலை, ஒருபக்கம் பள்ளம், பள்ளத்தின் அடியில் தண்ணீர். நான் எட்டு மாதம் வாழ்ந்த ஊரை அன்றைக்குத்தான் பார்த்தேன். குட்டி எதையும் பார்க்கவில்லை. சாக்குக்குள் தலையை நுழைத்துக்கொண்டிருந்தது.

பிள்ளை மடுவம், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே ஒரு தகரக் கொட்டகை. நாங்கள் இறங்குவதற்குள் இரண்டு நாய்கள் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தன. என் குட்டியின் கூடப்பிறந்தவை. எனக்கு அடையாளமே தெரியவில்லை. என்ன உயரம், என்ன மினுமினுப்பு! வண்டி மாட்டை மோந்தன, என் வீட்டுக்காரரின் கையை நக்கின, சக்கரத்தில் காலைத் தூக்கின. கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன். ஒரு நாய் மல்லாந்து படுத்திருந்தது, அதன் வயிற்றில் ஒரு குழந்தை சாய்ந்து உட்கார்ந்து அதன் காதை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. நாய் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு கிடந்தது. ஒரே வயிற்றில் பிறந்தவை. ஒரே வாரத்தில் கண் திறந்தவை. நான்கும் ஒன்றாகத்தான் உலக்கைச் சத்தத்துக்குத் துள்ளின.

என் கையில் இருந்த குட்டி குதித்து வண்டிக்கு அடியில் ஓடியது. அண்ணன்காரன் விளையாட்டாக முன்காலை நீட்டிக் குனிந்து கூப்பிட்டான். இது அவன் முகத்தைக் கிழித்துவிட்டது. செவலைத் தாய் வந்தது. ஓடி வந்து நக்கும் என்று எதிர்பார்த்தேன். தூரத்தில் நின்று மூக்கைத் தூக்கி மோந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

அக்கா இடுப்பில் ஒரு குழந்தையோடு வந்து நின்றார். என் கையிலிருந்த சாக்கையும் வண்டிக்கு அடியில் இருந்ததையும் பார்த்தார்.

“செத்துப்போன குட்டி இதானாம்மா?”

நான் அழுதுவிட்டேன். அவர் குழந்தையை என் கையில் கொடுத்தார்; அழுகிற ஆளிடம் ஏன் குழந்தையைக் கொடுக்கிறார் என்று நினைத்தேன். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அதிகம் அழ முடியாது.

“சரியாப் போயிருமாக்கா?” என்று கேட்டேன்.

“மாதா புண்ணியத்துல கொஞ்சம் ஆகும். எல்லாம் ஆகும்னு சொல்ல மாட்டேன். சின்னதுல பாக்க வேண்டியத அது பாக்கல.” பிறகு, என் முகம் போன போக்கைப் பார்த்து, “நீங்க தங்கமாத்தான் வளத்திருக்கீங்க. பாருங்க, எப்படி இருக்குன்னு. விட்டுட்டுப் போங்கம்மா. நீங்க இருந்தா அது உங்க முந்தானையத்தான் தேடும்” என்றார்.

நாங்கள் புறப்பட்டபோது அது வண்டிக்குப் பின்னால் ஓடி வந்தது. அக்கா கயிற்றைப் பிடித்திருந்தார். கழுத்து இறுக இறுகப் பின்னங்காலில் எழுந்து நின்று கத்தியது. என் வீட்டுக்காரர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். “திரும்பாத” என்றார். நான் திரும்பினேன்.

அதற்குப் பிறகு எனக்கு வெளி உலகம் வந்தது. மாமனார் சொன்னதாலோ என்னவோ, வெள்ளிக்கிழமைதோறும் கோயிலுக்குப் போனோம். துணிக்கடைக்காரர் வீட்டுப் பெண்கள் பழக்கமானார்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை பசறை ரோட்டில் போகும் சாக்கில் தோட்டத்துக்கும் போவோம். என் நாய் முதல் இரண்டு மாதம் மடுவத்தின் விறகுக் குவியலைவிட்டு வெளியே வரவில்லையாம். சோற்றை அக்கா வைத்துவிட்டு நகர்ந்த பிறகுதான் தின்னுமாம். அண்ணன்காரன் விடாமல் போய்ச் சீண்டிச் சீண்டி, இது கடிக்க, அவன் அதைவிடப் பலமாகக் கடிக்க, மெல்லக் கவ்வுவது எப்படி என்று பல மாதம் கழித்துத்தான் கற்றுக்கொண்டதாம். மற்ற மூன்றும் இரண்டு வாரத்தில் விளையாடிக்கொண்டே தெரிந்துகொண்டதை இது ஒரு வருடம் அடிபட்டுத் தெரிந்துகொண்டது.

குழந்தைகள்தான் அதை வெளியே கொண்டுவந்தார்கள் என்று அக்கா சொன்னார். தவழுகிற குழந்தைகள் தரையோடு தரையாக வந்ததால் அது பயப்படவில்லை. ஒரு பெண் குழந்தை விறகுக் குவியலுக்கே தவழ்ந்து போய், கையிலிருந்த ரொட்டித் துண்டை நீட்டியதாம். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். நாய் கழுத்தை நீட்டி, உதட்டால் மட்டும் எடுத்துக்கொண்டதாம். அதற்குப் பிறகு மடுவத்தின் வாசற்படியில் படுக்க ஆரம்பித்தது. ஆனால் நிமிர்ந்து நடக்கும் ஆண்களை அது கடைசிவரை நம்பவில்லை. தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பூட்ஸ் சத்தம் தூரத்தில் கேட்டாலே போதும், விறகுக்குள் போய்விடும். மற்ற மூன்றும் துரைக்கு வாலை ஆட்டிக்கொண்டிருக்கும்.

இரண்டு வருடம் கழித்து எனக்கு ஒரு பெண் பிறந்தாள். மூன்றாம் மாதமே அவளைக் கடை முகப்புக்குத் தூக்கிக்கொண்டு போய் மாமனார் மடியில் கொடுத்தேன். வந்தவர்கள் போனவர்கள் எல்லோரும் தூக்கினார்கள். கண் பட்டுவிடும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. சிங்களக்காரர், சோனக முஸ்லிம்கள், தோட்டத்துக்காரர் என்று யார் கை நீட்டினாலும் சிரித்துக்கொண்டு தாவும் பிள்ளையாக வளர்ந்தாள். அப்படி வளர்ந்தவள், பின்னால் படிப்பதற்குப் பண்டாரவளைக்குப் போகிற நாளில் வண்டியிலிருந்து கையை ஆட்டிக்கொண்டே போனாள். அழவில்லை. நான்தான் அப்படி வளர்த்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லையே என்று மனதுக்குள் நான் குறைபட்டுக்கொண்டதை அவளிடம் சொன்னதில்லை.

நாயைக் கடைசியாகப் பார்த்தது அவளுக்கு எட்டு வயதில். அவளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தோம்; வண்டி நின்றதும் குழந்தைகளைப் பார்க்கக் கொட்டகைக்குள் ஓடிவிட்டாள். பனி இறங்க ஆரம்பித்த நேரம். செவலைத் தாய் எப்போதோ செத்துப்போயிருந்தது. என் நாய் வாசற்படியில் படுத்திருந்தது. மூக்கோரம் நரைத்து, ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. நான் வண்டியிலிருந்து இறங்கி அங்கேயே நின்றேன். கூப்பிடவில்லை. கூப்பிட ஆசையாக இருந்தது. ஆனால் கூப்பிட்டால் வருமோ வராதோ என்ற பயமும் இருந்தது.

அது எழுந்தது. காலை நீட்டிச் சோம்பல் முறித்தது. மெதுவாக என்னிடம் நடந்து வந்து, என் கையை வெகுநேரம் மோந்தது. விரல் விரலாக, மணிக்கட்டில் இருந்த பழைய தழும்பு வரைக்கும். பிறகு தலையை என் வயிற்றில் முட்டி வைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. அதன் மூச்சு புடவை வழியாகச் சூடாக வந்தது. நான் குனிந்து அந்தச் செவலைக் காதைப் பிடித்துக்கொண்டேன்.

“உங்கள மறக்கலம்மா” என்றார் அக்கா வாசலிலிருந்து.

உள்ளே ஏதோ ஒரு குழந்தை விழுந்துவிட்டுப் பெரிதாக அழுதது. நாயின் காது என் கைக்குள்ளேயே நிமிர்ந்தது. தலையை எடுத்துக்கொண்டது. ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கொட்டகைக்குள் போனது. அழுகை கொஞ்ச நேரத்தில் அடங்கியது. யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. என் மகளுடையது போல இருந்தது.

அது திரும்பி வரும் என்று நின்றுகொண்டிருந்தேன். மகள் வந்து வண்டியில் ஏறிய பிறகும் நின்றேன்; என் வீட்டுக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டார். பனி கொட்டகையை மூடிக்கொண்டு வந்தது. மூன்றாம் தடவை கூப்பிட்டபோது போய் வண்டியில் ஏறிக்கொண்டேன்.